உதறியது வண்டி மட்டுமா?



உங்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் வேன் நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கோ, காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போவதற்கோ, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கோ அதை வைத்திருப்பீர்கள். அந்த வண்டி ஒரு நாள் காலையில் குளிர்காய்ச்சல் கண்டவரைப் போல உதறத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். நான் செய்ததில் பாதி தவறு. அந்தத் தவறையும் மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அது 1991-ஆம் ஆண்டு. தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். என் அப்பாவும் அம்மாவும் அங்கே பால் வெட்டியவர்கள். நான் பெரியவனானபோது ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். தோட்டத்து லோரியில் 12 வருடம் டிரைவராக இருந்துவிட்டு, கூட்டுக் கட்டிய பணமும் என் மனைவி கோழி வளர்த்துச் சேர்த்த பணமும் போட்டு ஒரு பழைய டீசல் வேன் வாங்கினேன். நாலு சிலிண்டர் வண்டி. முன்சீட்டைத் தூக்கினால் அதன் அடியில் இஞ்சின். காலையில் லயத்துப் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் விடுவேன். மத்தியானம் திரும்ப அழைத்து வருவேன். அந்த வேன்தான் எங்கள் வீட்டு அரிசிப்பானை.

எனக்கு உதவியாக என் அக்காள் மகன் இருந்தான். 17 வயது. வண்டி கழுவுவது, டீசல் ஊற்றுவது, சின்னப் பிள்ளைகளைக் கைப்பிடித்து இறக்கிவிடுவது எல்லாம் அவன் வேலை. வாய் பேசாத பிள்ளை. சொன்ன வேலையைச் செய்வான்.

ஒரு மழைக்காலத்தில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது. நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பிறகுதான் இஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் வண்டி முழுவதும் கடகடவென்று ஆடும். கண்ணாடி அதிரும், கதவு அதிரும், என் பல்லும் அதிரும். எண்ணெய் மிதியை அழுத்தினால் ஆட்டம் அடங்கிவிடும். பெரிய சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒன்றுமே தெரியாது. செம்மண் சாலையில் மெதுவாக ஊர்ந்தால் மறுபடியும் உதறல். நின்று கிளம்பினால் இன்னும் மோசம்.

'ஓடுகிற வண்டிதானே, ஓடட்டும்' என்று பத்து நாள் ஓட்டினேன். பதினோராவது நாள், தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் முனையில், வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் அணைந்துபோனது. உள்ளே 11 பிள்ளைகள். எதிரே ஒரு மர லோரி. அந்த டிரைவர் எந்தத் தாய் பெற்ற புண்ணியவானோ, பிரேக்கைப் பிடித்து எங்களுக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்தினார். அவர் ஏசியது ஒன்றும் என் காதில் விழவில்லை. பின்னால் ஒரு சின்னப் பெண் "அம்மா" என்று அழுதது மட்டும் விழுந்தது.

அன்று சாயந்தரமே லயத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "வேற வேன் பாக்கணும்" என்று இரண்டு தாய்மார்கள் சொன்னதாக என் மனைவி வந்து சொன்னாள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் பட்டணத்தில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே ஒருவர் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இஞ்சின் போச்சு. இறக்கி ஓவர்ஹால் பண்ணணும். 3,500 வெள்ளி ஆகும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கால் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடகுக் கடைக்கு என்று அர்த்தம்.

வாசகர்களே, கோபம் யார்மேல் வரும் தெரியுமா? பதில் பேச முடியாதவர்மேல்தான் வரும். முந்தைய வாரம் என் மருமகன் மழையில் நனைந்துகொண்டே கேனிலிருந்து டீசல் ஊற்றியது என் நினைவுக்கு வந்தது. "நீதாண்டா தண்ணியைக் கலந்து ஊத்தி இஞ்சினைக் கெடுத்தே!" என்று லயத்து ஆட்கள் பார்க்கக் கத்தினேன். "இல்ல மாமா, நான் துணி போட்டு மூடித்தான் ஊத்துனேன்" என்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். அடி விழவில்லை. ஆனால் விழுந்த மாதிரிதான். அவன் அன்று இரவே அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

எங்கள் தோட்டத்தில் 'இஞ்சின் தாத்தா' என்று ஒருவர் இருந்தார். பழைய ரப்பர் ஸ்டோரில் டீசல் இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர். வேலையிலிருந்து நின்று பல வருடமாகியும் அவர் விரல்களில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. அடகுக் கடைக்குக் கிளம்பிய என்னை வழியில் நிறுத்தி, "என்ன தம்பி, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி இது: "வண்டி எப்ப உதறுது? நிக்கையிலயா, கெளம்பையிலயா, ஓடையிலயா?"

"எல்லாத்துலயும்தான் தாத்தா."

"அப்படிச் சொன்னா வைத்தியம் பாக்க முடியாது. வயித்துவலின்னு வந்தவன்கிட்ட, சாப்பிடறதுக்கு முந்தியா, பிந்தியான்னு கேக்க மாட்டாங்களா? நாளைக்குக் காலையில சூடு ஏறாத வண்டியா வை. நான் வர்றேன்."

மறுநாள் அந்தப் பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இதற்குப் படிப்பு வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. சமதரையில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டால் புகையே ஆளைக் கொன்றுவிடும். கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். நான் கைலியோடும் தோளில் துண்டோடும் நின்றேன். "போய்க் கால்சட்டை மாட்டிட்டு வா. விசிறி துண்டைப் பிடிச்சா உன் கழுத்தையும் சேத்துத்தான் இழுக்கும்" என்று விரட்டினார்.

பிறகு டீசல் இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினார். பெட்ரோல் இஞ்சினைப் போல இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால், அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். அதற்குள் நோசல் வழியாகப் பனிபோல டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை சுற்றினால், வினாடிக்கு 25 தடவை இப்படிப் பற்றுகிறது. நாலும் ஒரே பலத்தோடு பற்றினால் வண்டி அமைதியாக இருக்கும். ஒன்று தவறினால், நாலு பேர் தூக்கும் சாமிப் பல்லக்கில் ஒருவர் நொண்டுவதைப் போல ஆட்டம் வரும். வேகமாகச் சுற்றும்போது இந்த நொண்டல் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். உதறல் மெதுவான ஓட்டத்தில் வருவதற்கு இதுதான் காரணம்.

இனி அவருடைய மூன்று கேள்விகள்.

கியரில் போடாமல் சும்மா நிற்கும்போதே உதறினால், நோய் இஞ்சினிலோ, டீசல் வரும் வழியிலோ, இஞ்சினைத் தாங்கும் ரப்பரிலோ இருக்கிறது. நிற்கும்போது அமைதியாக இருந்து, கிளட்ச் மிதியை விட்டுக் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் உதறினால், கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், தட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது தாங்கும் ரப்பர் போயிருக்கலாம். இரண்டிலும் இல்லாமல், பெரிய கியரில் மெதுவாகப் போகும்போது மட்டும் உதறினால், நோய் வண்டியில் இல்லை, ஓட்டுகிறவரிடம் இருக்கிறது. ஒரு கியர் இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

என் வண்டி நிற்கும்போதும் உதறியது. கிளம்பும்போது அதிகமாக உதறியது. "அப்ப ரெண்டு நோய் இருக்கலாம். ஒண்ணக் கண்டுபிடிச்சதும் ஆட்டம் முடிஞ்சதுன்னு நெனைக்காதே" என்றார்.

"காசு கேக்காத சோதனையை முதல்ல செய்" என்பது அவருடைய சட்டம். ஆகவே முதலில் புகையைப் பார்த்தோம். நீலப்புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. வெண்புகை வந்தால் டீசல் சரியாகப் பற்றாமல் வெளியே வருகிறது. என் வண்டியில் பிடித்த சில நிமிடம் வரை வெண்புகை வந்து நின்றுபோனது. நீலம் இல்லை.

அடுத்தது என்னைத் தலைகுனிய வைத்த சோதனை. ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவரச் சொன்னார். டீசல் பில்டரின் அடித்திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்தார். இன்னொரு பாட்டிலில் டாங்கியின் அடியிலிருந்து பிடித்தார். இரண்டையும் படிக்கட்டில் வைத்துவிட்டு, "டீ இருந்தா கொண்டு வரச் சொல்லு" என்றார். டீசலில் தண்ணீர் இருந்தால் அது கனமானது. அடியில் தனியாகத் தங்கிக் கோடு போட்ட மாதிரி தெரியும். டீ குடித்து முடித்துப் பார்த்தோம். இரண்டு பாட்டிலிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தண்ணி ஊத்திட்டான்னு யாரையோ ஏசினியாமே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பேசவில்லை. "பாட்டில் பொய் சொல்லாது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது சோதனை, பட்டறைக்காரர் சொன்னது உண்மையா என்பதற்கு. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நோசலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்தி உடனே இறுக்கினார். தளர்த்தும்போது அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. இஞ்சின் சத்தம் இறங்கினால் அது அதுவரை வேலை செய்திருக்கிறது என்று பொருள். சத்தம் மாறவில்லையென்றால் அதுதான் ஓய்ந்துபோன சிலிண்டர். என் வண்டியில் நாலுக்கும் சத்தம் இறங்கியது. "நாலும் உயிரோட இருக்கு. நீலப்புகையும் இல்ல. இஞ்சினை இறக்கச் சொன்னவன் அவசரப்பட்டுட்டான்" என்றார். மேசைமேல் கிடந்த சங்கிலி என் கண்முன் வந்து போனது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்தச் சோதனை அந்தக் காலத்துப் பழைய பம்பு வண்டிக்கு மட்டும்தான். இன்று ஓடும் 'கொமன் ரெயில்' டீசல் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. அவற்றின் குழாயில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் ஏறக்கூடும். கண்ணுக்குத் தெரியாத சிறு பீச்சல்கூடத் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். பழைய வண்டியிலும் பீச்சலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. அப்படிப் பட்டுவிட்டால், காயம் சிறியதுதானே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலாவது சோதனை, காற்று. மீன்தொட்டிக்குப் போடும் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் துண்டை, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டினார். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், டீசலோடு சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஓடின. ஒரு வெடிப்புக்குப் போகும் டீசல் மிகச் சிறிய துளி. அதில் காற்றும் சேர்ந்தால் அந்த வெடிப்பு பலவீனமாகும், அல்லது தவறிவிடும். அதுதான் உதறல். இரவில் அதே காற்று குழாய்க்குள் ஏறி, டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்த காரணமும் அதுவே.

"ஆனா எங்கேயும் ஒழுகலையே தாத்தா?" என்று கேட்டேன்.

"டாங்கியிலிருந்து பம்பு வரைக்கும் டீசலை உறிஞ்சித்தானே எடுக்குது? அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். ஒழுகாத ஓட்டைதான் ஏமாத்தும்."

பிறகு சுத்தமான டீசல் ஊற்றிய ஒரு கேனில் தனிக் குழாயைப் போட்டு, அதை நேராகப் பில்டருக்கு மாட்டினார். பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி, திருகு வழியாகப் பழைய காற்றை வெளியேற்றினார். குமிழிகள் நின்றன. இஞ்சின் சத்தமும் சீராகிவிட்டது. அப்படியானால் ஓட்டை டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவில்தான். வண்டியின் அடியில் படுத்துத் தடவிக்கொண்டே போனேன். டாங்கிக்குப் பக்கத்தில், கிளிப்புக்கு அடியில், ரப்பர் குழாய் முடி அளவு வெடித்திருந்தது. புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கினேன். 6 வெள்ளி.

நான் குதித்தேன். பெரியவர் குதிக்கவில்லை. "கெளம்பிப் பாரு" என்றார். கிளம்பினேன். நிற்கும்போது உதறல் போய்விட்டது. கிளம்பும்போது குறைந்திருந்ததே தவிரப் போகவில்லை. இரண்டாவது நோய்!

முன்சீட்டைத் தூக்கிவிட்டு, என்னைப் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சைச் சற்றே விடச் சொன்னார். வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது என்று சுற்றி நின்ற பிள்ளைகளை விரட்டினார். அவரும் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்தார். இஞ்சினின் ஒரு பக்கம் மூன்று விரற்கடை மேலே எழும்பியது. அந்தப் பக்கத்து மவுண்டிங் ரப்பர் எண்ணெயில் ஊறி, ஊதி, கிழிந்திருந்தது.

அதை என் கையில் கொடுத்து, "என்ன தெரியுதா? உங்க அப்பன் வெட்டுன பால்தான்" என்றார். உண்மைதான். அதிர்ச்சியைத் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு ஈடாக அதிகப் பொருள்கள் இல்லை. ஆனால் அதன் எதிரி எண்ணெய். எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்றாகிவிடும். மேலே ஒரு மூடியிலிருந்து எண்ணெய் கசிந்ததை நான் மாதக்கணக்காகத் துடைக்காமல் விட்டிருந்தேன். அந்தக் கசிவுதான் ரப்பரைத் தின்றது. குற்றவாளி யார்? மருமகன் அல்ல, நான். இரண்டு பக்கத்துக்கும் புது மவுண்டிங், மூடிக்கு ஒரு கேஸ்கெட், புதுப் பில்டர் எல்லாம் சேர்த்து 90 வெள்ளிக்குள் முடிந்தது. 3,500 எங்கே, 90 எங்கே!

பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நானும் அதைத்தானே செய்தேன்?

அன்று சாயந்தரம் சங்கிலியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அக்காள் வீட்டுக்குப் போனேன். என் மருமகன் வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. "தப்பு என்மேலதான்யா. நாலு பேர் முன்னால ஏசினேன். நாலு பேர் முன்னாலயே சொல்றேன், வா" என்றேன். மறுநாள் பிள்ளைகளை ஏற்றும்போது லயத்து வாசலில் அப்படியே சொன்னேன். வேறு வேன் பார்ப்பதாகச் சொன்ன தாய்மார்களும் கேட்டார்கள். அந்த வாரம் ஒரு பிள்ளையும் குறையவில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. என் மகன் ஓட்டும் வேனில் கம்ப்யூட்டர் இருக்கிறது. உதறினால் ஸ்கேனர் மாட்டி எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று பார்க்கிறார்கள். புகையில் ஒரு பங்கை மறுபடியும் இஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு ஒன்று இருக்கிறது. எப்போதும் குறுகிய தூரம், மெதுவான ஓட்டம் என்றால் அதில் கரி படிந்து உதறல் வரும். 2019-இல் நாடு முழுவதும் சாலை டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெய் டீசல் சேர்க்கும் திட்டம் வந்தது. நாம் வெட்டிப்போட்ட குலையே நம் டாங்கிக்குள் வருகிறது! அது பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும் குணமுடையது. தண்ணீரையும் சற்று அதிகமாக ஈர்க்கும். ஆகவே பில்டரைத் தவணை தவறாமல் மாற்றுங்கள், அடித்தண்ணீரை வடியுங்கள், டாங்கியைக் காலியாக நெடுநாள் நிறுத்தாதீர்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். சரியாகப் பற்றாமல் புகையாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் நம் காசு.

வண்டி புதிதானாலும் பெரியவரின் கேள்வி பழசாகவில்லை. நிற்கையிலா, கிளம்பையிலா, ஓடையிலா? இந்தப் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கேட்டவர் உங்களை மதிப்பார். தேவையில்லாத வேலையும் குறையும்.

இஞ்சின் தாத்தா போய்ச் சேர்ந்து நெடுங்காலமாகிறது. என் மருமகன் ஐம்பதைத் தாண்டிவிட்டான்; அவனும் ஒரு வேன் வைத்திருக்கிறான். நான் வீட்டில் பேரப்பிள்ளைகள் யாரையாவது அவசரப்பட்டு ஏசத் தொடங்கினால், அவன் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பான்:

"மாமா, பாட்டில்ல புடிச்சுப் பாத்தீங்களா?"

நான் வாயை மூடிக்கொள்வேன்.